கடைசியில் ஓடும் பெயர்கள்

“ஒருத்தன்ர பேரை நாலு பேருக்கு முன்னால சத்தமாச் சொன்னால், அண்டையில இருந்து அவன்…” அதற்குப் பிறகு பெரியப்பா என்ன சொன்னார்? குகானந்தன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். ஒஸ்லோவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா அது. ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து நடத்தினார்கள். பெரியப்பா கோட்டுக்கு மேல் சால்வையைப் போட்டுக்கொண்டு, விழுங்கிவிடுகிறவர்போல மைக்கைப் பிடித்திருந்தார். அந்தச் சொல்லுக்கு வந்தபோது மைக் கீச்சிட்டது, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பெரியப்பாவும் சிரித்தபடி மிச்சத்தைச் சொல்லி முடித்தார். குகானந்தன்தான் விழாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் கவனமெல்லாம் அவருடைய மூக்குக்கண்ணாடியில் அடித்த வெளிச்சத்தில் இருந்தது, அதை எப்படித் தவிர்ப்பது என்று கமெராவை அரக்கிக்கொண்டிருந்தான், காதில் ஒன்றும் ஏறவில்லை. அவன் என்ன? அவர்களுக்குச் சொந்தமானவனா? அவர்கள் பொறுப்பா? அவர்கள் கையில் அகப்பட்டவனா? பெரியப்பாவிடம் கேட்கலாம் என்றால் அவர் பனி மூடிய ஒரு இடுகாட்டில் கிடக்கிறார், அந்த ஒளிநாடா எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறதோ. எதற்காக இப்போது இது ஞாபகத்துக்கு வர வேண்டும், எதற்காக என்பது அவனுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே தெரியாததுபோலச் சுற்றிச் சுற்றி வருகிறான். “தலையை ஆட்டாதையுங்கோ தம்பி,” என்றார் இரத்தினண்ணை, “கத்தி தொண்டையில நிக்குது.”

கொக்குவிலில், புகையிரதப் பாதைக்கு அண்மையில், இரத்தினண்ணையின் சலூன். கழுத்துவரை வெள்ளைத் துணி, முகம் முழுக்க நுரை, துணிக்குக் கீழே சட்டைப் பையில் கைத்தொலைபேசி. அது நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. ஒஸ்லோவில் படத்தை இயக்குகிற மாரித்தாகத்தான் இருக்கும். காலையில் எழுந்தபோதே அவளுடைய செய்தி வந்து கிடந்தது, அவளுக்கே உரிய சுருக்கத்தில்: படம் முடிந்தது, கடைசியில் ஓடும் பெயர்களை இன்றைக்கு மூடுகிறோம், ஒளிப்பதிவு என்பதற்கு எதிரே உன் பெயரா, வெறுமையா, பின்னேரத்துக்குள் சொல். பெயர் என்றால் அவன் இந்த ஊரில் இருக்க முடியாமல் போகலாம். வெறுமை என்றால் முல்லைத்தீவில் காணாமல்போன மகனைத் தேடுகிற தவமலர் அக்கா தன் முகத்தோடும் பெயரோடும் அந்தப் படத்துக்குள் தனியாக நிற்பாள், ‘உம்மட பேரும் வருமோ?’ என்று அவள் கேட்டதற்கு அவன் ‘ஓம்’ என்று சொல்லியிருக்கிறான். இவ்வளவுதான் விஷயம். கத்தி காதடியிலிருந்து கீழே இறங்கியது, சர்ர் என்ற சத்தம் வெளியே இருந்து வருகிறதா தன் எலும்புக்குள் இருந்து வருகிறதா என்று தெரியவில்லை. சண்டை நடக்கிற ஊர்களில் அவன் ஒருநாளும் முகம் மழித்ததில்லை. நுரையோடு ஓட வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்தைச் சொன்னால் அங்கே கூட வேலை செய்த ஹானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், ‘குண்டு போடுகிறவன் மேலே இருந்து உன்னுடைய தாடியையா பார்க்கிறான்?’ என்று.

ஹானி. இல்லை, இப்போது ஹானி வேண்டாம். இரத்தினண்ணையின் விரல் அவனுடைய மோவாயைப் பிடித்து இடப்பக்கம் திருப்பியது. யாரோ பின்னால் நின்றுகொண்டு தன் தலையைத் திருப்புகிறார்கள், அதற்கு அவன் இணங்கிப் போகிறான், அது சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில் ஹானி வந்துவிட்டான். கமெராவைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடக்கிறவனுக்குப் பின்னால் ஒரு ஆள் வேண்டும். முன்னால் ஒரு தாய் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவால் நடந்து வருகிறாள் என்றால், நீ அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடக்க வேண்டும், உன் கண் அவளுடைய முகத்தை விட்டு விலகக்கூடாது, உனக்குப் பின்னால் கிடக்கிற கல்லும் கிடங்கும் கம்பியும் உனக்குத் தெரியாது. ஹானி அவனுடைய இடுப்புப் பட்டியைப் பிடித்திருப்பான். ஒருதரம் இழுத்தால் நில். இரண்டுதரம் என்றால் படி. பலமாக ஒரு பக்கம் சுண்டினால் விழுந்து படு, கேள்வி கேட்காதே. அந்தப் பாலைவன நாட்டின் இடிந்த தெருக்களை அவன் பார்த்தது தன் கண்ணால் என்றால் நடந்தது ஹானியின் கையால். குகானந்தனிடம் சிவப்பு நோர்வேக் கடவுச்சீட்டு ஒன்று இருந்தது, தொப்புளுக்குக் கீழே ஒரு பையில் கட்டியிருப்பான். ஹானியிடம் அப்படி ஒன்றும் இருக்கவில்லை, இருந்தது ஒரு மருந்துக்கடையும் ரீம் என்ற மனைவியும்தான். வெளிநாட்டுக்காரன் படம் எடுப்பான், உள்ளூர்க்காரன் பட்டியைப் பிடிப்பான், பிறகு வெளிநாட்டுக்காரன் விமானம் ஏறுவான். அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு அது, எல்லோருக்கும் கொஞ்சம் வெட்கமும் இருந்தது, அந்த வெட்கத்துக்கு ஒரு பரிகாரமும் வைத்திருந்தார்கள்: படம் முடிந்த பிறகு கறுப்புத் திரையில் பெயர்கள் ஓடும்போது, நன்றி என்று போட்டு உள்ளூர்க்காரரின் பெயரையும் ஓடவிடுவது.

“நோர்வேயில முடி வெட்டுறது யானை விலையாம், அதுதானே இஞ்சால வந்தனீர்?” என்றார் சபாநாதர். அவர் இ.போ.ச. பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து இளைப்பாறியவர். வெட்டுவதற்குத் தலையில் அதிகம் மிச்சமில்லை என்றாலும், பேப்பர் வாசிக்கத் தினமும் இந்த வாங்கில் வந்து குந்துவார். “அவரை விடுங்கோ, வாயைத் திறந்தால் நுரை போயிடும்,” என்றார் இரத்தினண்ணை. “அப்ப நல்லது, நான் கேக்கிறதுக்கெல்லாம் ஓம் எண்டுதான் அர்த்தம். தம்பி, நீர் அங்க சண்டையளுக்க எல்லாம் போய்ப் படம் எடுத்தனீராம், மெய்தானோ? சண்டைக்குப் பயந்து ஓடிப்போய், அங்க இருந்து வேறை சண்டை தேடிப் போயிருக்கிறீர். உம்மைப்போல ஒருத்தனை நான் காணேல்லை.” சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். குகானந்தனுக்கும் சிரிப்பு வந்தது, நுரைக்குள் உதடு நெளிந்தது, கத்தி சட்டென்று விலகியது. சரியாகத்தான் சொல்கிறார். பத்தொன்பது வயதில் ஓடினான், அம்மா நகையைக் கழற்றிக் கொடுத்து அனுப்பினாள், பனியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு அவர்களுடைய மொழியைப் படித்தான், அந்த மொழியில்தான் கமெராவைப் படித்தான், தன் ஊர்ச் சண்டை முடிந்த வருசம் அவன் வேறொரு ஊர்ச் சண்டையில் நின்றான். கூடாரத்துக்குள் சிறிய ரேடியோவில் தன் ஊரின் பெயரை ஒரு அந்நிய வாய் பிழையாக உச்சரிக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். தன் ஊர்த் தாய்மாரை அவன் பார்க்கவில்லை. மற்றவர்களின் தாய்மாரைப் பார்த்தான். இதை யாருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது. சபாநாதருக்கு விளங்கியிருக்கிறது, பகிடியாக.

திரும்பி வந்து இரண்டு வருசமாகிறது. தங்கை லோகேஸ்வரியின் வீட்டில் பின்னறை. காலையில் கிணற்றடியில் அவளுடைய இரண்டு பெட்டைகளும் வாளிக்குச் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டு எழும்புவதற்காகவே தான் பிறந்தவன் என்று சில நாளில் தோன்றும். அப்படியே இருந்திருக்கலாம். மாரித் கேட்டாள், போர் முடிந்த பிறகும் பிள்ளைகளைத் தேடுகிற தாய்மாரைப் பற்றி ஒரு படம், நீ அங்கேதானே இருக்கிறாய், உன் மொழி. வெளியே இருந்து ஒருவரும் வரவில்லை, அவன் மட்டும்தான், சின்னக் கமெரா, அதன் சிவப்பு வெளிச்சத்துக்கு மேல் கறுப்பு நாடா ஒட்டியிருந்தான், பதிவாகிறது என்று வெளியே தெரியாமல் இருக்க. முல்லைத்தீவில் வீதியோரக் கொட்டகை, தகரக் கூரை, உள்ளே படங்கள், படங்களுக்குக் கீழே தாய்மார். தவமலர் அக்காவின் கதிரையை அவன் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி வைத்தான். முகம் இருளாகிவிடும், உருவம் மட்டும் தெரியும், பிரச்சினை இருக்காது, எந்த நாட்டிலும் அப்படித்தான் செய்வது. அவள் வெளிச்சத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழும்பி, கதிரையைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு இருந்தாள். “என்ன தம்பி, பேயைப் படம் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறீர்?” அவன் காரணத்தைச் சொன்னான். அவள் மகனுடைய படத்தை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள், நிரோசன், சேர்ட்டின் மேல் பொத்தான் பூட்டிய பெடியன். “பதினைஞ்சு வருசமா இவன்ர முகத்தைக் கையில பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். என்ர முகத்தை நான் ஒளிச்சுவைச்சால், இவனை ஆரட்டைக் கொண்டுவந்து குடுப்பினம்?” அவன் குவியத்தைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான். பதிவு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் கேட்டாள், உம்மட பேரும் வருமோ என்று. ஓம் அக்கா, கடைசியில வரும் என்றான், தொழில்காரன் சொல்கிறதுபோல, யோசிக்காமல். “அப்ப சரி. ரெண்டு பேருமா நிப்பம்.” அந்தச் சொல்தான் முள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வெளியே மோட்டார்சைக்கிள் ஒன்று வந்து நின்றது. கண்ணைத் திறந்தான். கண்ணாடியில் சலூன் முழுவதும் இடம் வலமாக மாறி இருந்தது, வாசல் வலப்பக்கம். ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான், நாற்பது வயது இருக்கும், கட்டுமஸ்தான ஆள், நீலச் சட்டை, சபாநாதருக்குப் பக்கத்தில் இருந்தான், பேப்பரை எடுக்கவில்லை, தொலைபேசியை எடுக்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் நேராகக் குகானந்தனைப் பார்த்தான். சப்பாத்தைப் பார், ஹானி சொன்னது, சப்பாத்தைப் பார், உளவுக்காரர் உடுப்பை மாற்றுவார்கள், தலைமுடியை வளர்ப்பார்கள், சப்பாத்தை மட்டும் மாற்ற மறந்துபோவார்கள். குகானந்தன் கண்ணைக் கீழே இறக்கினான். கறுப்புச் சப்பாத்து. மினுக்கியது. இந்த வெயிலில், இந்தப் புழுதியில், கொக்குவிலில் சலூனுக்கு யார் மினுக்கிய கறுப்புச் சப்பாத்தோடு வருகிறார்கள்? கழுத்து நரம்பு துடிப்பது அவனுக்கே தெரிந்தது, இரத்தினண்ணைக்கும் தெரிந்திருக்கும், அவர் கத்தியைத் துடைக்கிறதுபோல ஒரு கணம் தள்ளி நின்றார். போன மாதம் வீட்டுக்கும் இப்படித்தான் இரண்டு பேர் வந்தார்கள், அவன் இல்லாத நேரம். அண்ணை நிக்கிறாரோ, சும்மா கதைக்கத்தான் என்று பண்பாகக் கேட்டார்களாம், தண்ணீர் வாங்கிக் குடித்தார்களாம், பெரிய பெட்டையிடம் என்ன வகுப்பு என்று விசாரித்தார்களாம். போன பிறகு லோகேஸ் அந்த இரண்டு தம்ளரையும் மூன்றுதரம் கழுவி, மற்றவற்றோடு வைக்காமல் யன்னல் விளிம்பில் தனியே கவிழ்த்து வைத்தாள். இன்றைக்கும் அவை அங்கேதான். அவனிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. பெயர் வந்துவிட்டால் அந்தத் தம்ளர்கள் எத்தனையாகும்? அவனுக்குக் கடவுச்சீட்டு இருக்கிறது, இடுப்பில் இல்லை, அலமாரியில் லோகேஸின் சேலைக்குக் கீழே இருக்கிறது, ஒரு பயணச்சீட்டு எடுத்தால் போய்விடலாம். லோகேஸ் எங்கே போவாள்? தவமலர் அக்கா எங்கே போவாள்? இந்த முறை பட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பவர்கள் அவர்கள்.

ஹானியை அரசாங்க ஆட்கள் பிடித்துக்கொண்டுபோனது அங்கே எடுத்த படம் வெளிவந்த பிறகுதான். ஒளிபரப்பாகி எல்லோரும் எழும்பித் தேத்தண்ணி போடப் போகிற நேரத்தில் ஓடுகிற பெயர், அதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று நினைத்தார்கள், ஹானியும்தான் நினைத்தான், என் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள் என்று கேட்டு அனுப்பியிருந்தான், தகப்பனுக்குக் காட்ட. வாசிக்கவேண்டியவர்கள் வாசித்துவிட்டார்கள். அதனால்தானா, வேறு யாரும் காட்டிக்கொடுத்தார்களா, மருந்துக்கடையில் காயக்காரருக்கு மருந்து கொடுத்ததாலா, ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் அதிலே பெரிய வதை, அது எந்த இரவிலும் அதனாலாகவும் இருக்கும், எந்தக் காலையிலும் அதனால் அல்லாததாகவும் இருக்கும். ரீம் தொலைபேசியில் அழுதாள், பெயரை எடுத்துவிடுங்கள், படத்தையே எடுத்துவிடுங்கள் என்று. அந்தப் படத்தையும் இயக்கிய மாரித் பெயரை எடுத்துவிட ஓடித்திரிந்தாள். ஒரு வருசம் கழிந்து ரீம் திரும்ப அழைத்தாள், குரல் மாறியிருந்தது, அழுகை இல்லை. எல்லா அலுவலகத்துக்கும் போய்விட்டேன், அப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை என்கிறார்கள், அப்படி ஒருவன் இருந்ததற்கே அத்தாட்சி கேட்கிறார்கள், தயவுசெய்து அந்தப் பெயரைத் திரும்பப் போடுங்கள், நான் அதை நிறுத்திவைத்து அவர்களுக்குக் காட்ட வேண்டும். இரண்டையும் கேட்டவள் ஒருத்திதான். இரண்டு முறையும் அவள் சொன்னது சரி. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி முடிவெடுப்பது, ஒரு பக்கம் திரும்பினால் ஒரு ரீம், மறுபக்கம் திரும்பினால் இன்னொரு ரீம், “வலப்பக்கம் திரும்புங்கோ தம்பி,” என்றார் இரத்தினண்ணை, அவன் திரும்பினான்.

“அண்ணை,” என்றான் கறுப்புச் சப்பாத்துக்காரன். குகானந்தனுடைய கை துணிக்குள் கதிரைச் சட்டத்தைப் பிடித்தது. “நீங்கள்தானே வெளிநாட்டில இருந்து வந்து வீடியோ எடுக்கிறவர்?” “அவர்தான்,” என்றார் சபாநாதர். “எங்க அண்ணை இருக்கிறீங்கள், வீடு எவடம்?” இதுதான் கேள்வி, இதே கேள்விதான், இதே பண்பு, எல்லா நாட்டிலும் இதே கேள்வி. தெரியாது என்று சொல்ல வேண்டும், இடம் மாறிவிட்டேன் என்று சொல்ல வேண்டும், அவன் வாயெடுப்பதற்குள் இரத்தினண்ணை கத்தியைத் துணியில் தேய்த்தபடி வெகு சாதாரணமாகச் சொன்னார்: “எங்கட லோகேஸ் ரீச்சரின்ர தமையன். பிள்ளையார் கோயிலடி ஒழுங்கையால உள்ளுக்குப் போனால் பச்சைக் கேற். இவற்ரை முழுப்பேர் குகானந்தன், கந்தப்பிள்ளை வாத்தியாற்ரை மூத்தவர்.” “கேற்றில நாய் நிக்கும், கடிக்காது,” என்று சேர்த்தார் சபாநாதர், “குரைக்கிறது மட்டும்தான், தமையனைப்போல.” குகானந்தன் கண்ணை மூடினான். இருட்டுக்குள் பச்சைக் கேற் தெரிந்தது, கிணற்றடி தெரிந்தது, வாளி தெரிந்தது.

“நல்லதாப் போச்சு,” என்றான் அந்த மனிதன். “நான் பிரதாபன், சந்தியில பாங்க் வாசலில செக்கியூரிற்றி நிக்கிறனான். மகள் பெரிய பிள்ளையாகிட்டாள், வாற கிழமை சாமத்தியவீடு. மனிசி ட்ரோன் விட்டு எடுக்க வேணும் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறாள். நீங்கள் வெளிநாட்டுப் படிப்புப் படிச்சனீங்களாம், அதுதான் நேர வந்து கேப்பம் எண்டு.” ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக விளங்கியது, பாங்க் வாசல், நீலச் சட்டை, கறுப்புச் சப்பாத்து. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு ஏறி வந்து மூக்கால் நுரையாகத் தெறித்தது. “பாத்தீரே, சண்டையளுக்க ட்ரோன் எண்டால் குண்டு போடும்,” என்றார் சபாநாதர், “எங்கட சனம் குமர்ப்பிள்ளைக்கு மேலால விடுது.” “என்ர பிள்ளையின்ர பேர் ஆரணி,” என்றான் பிரதாபன், யாரும் கேட்காமலே, முகம் மலர. “முதல் ஆரணியின்ர பேர் பெரிசா வரவேணும் அண்ணை, தொடங்கேக்கை. எங்கட பேரெல்லாம் கடைசியில வந்தால் காணும்.” குகானந்தன் தலையை ஆட்டினான், ஆட்டாதையுங்கோ என்றார் இரத்தினண்ணை. பயம் போய்விட்டதா என்று தனக்குள் தடவிப் பார்த்தான். போகவில்லை. பிரதாபன் பாங்க் காவலாளி என்பதால் நாளைக்கு வருகிறவனும் பாங்க் காவலாளியாக இருக்கப்போவதில்லை. ஆனால் பெயர் வேறு எங்கேயோ ஒஸ்லோவில், மாரித்தின் விரலடியில், போடுவதா விடுவதா என்று காத்துக்கொண்டிருக்கிறது என்றல்லவா காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான். அது இங்கே பச்சைக் கேற்றோடும் நாயோடும் தகப்பன் பெயரோடும் தெருத்தெருவாகத் திரிகிறது. தேடி வருகிறவனுக்கு அவனுடைய படம் தேவையில்லை, முடி வெட்ட வந்தால் போதும். அந்தப் பெயர் படத்தில் இல்லாமல் போனால் அதைத் தேடி ஏமாறப்போகிறவள் தவமலர் அக்கா ஒருத்திதான். முல்லைத்தீவில் யாருடைய தொலைபேசியிலோ படத்தைப் பார்ப்பாள், தன் முகம் வரும், மகன் முகம் வரும், பிறகு கறுப்புத் திரை, மற்றத் தாய்மார் எழும்பிப் போன பிறகும் அவள் எழும்பமாட்டாள், கண்ணுக்கு எட்டாத அந்தச் சின்ன எழுத்துகளைக் கடைசி வரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பாள்.

இரத்தினண்ணை இரத்தம் நிறுத்துகிற சீனாக்காரக் கட்டியை நனைத்து முகத்தில் தேய்த்தார், சுரீர் என்று எரிந்தது, தாடைக்குக் கீழே எங்கோ சிறிய வெட்டு. பிரதாபனுக்கு ட்ரோனும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். வெயில் கண்ணை அடித்தது. தெருவோர மதகுக் கட்டில் குந்திக்கொண்டு தங்கைக்குத் தொலைபேசி எடுத்தான், சனிக்கிழமை, அவள் வீட்டில்தான். அந்தப் பக்கம் தேங்காய் துருவுகிற சத்தம். “லோகேஸ், அந்தப் படத்தில என்ர பேரைப் போடுறதோ எண்டு கேக்கினம்.” துருவுகிற சத்தம் நின்றது. எங்கோ ஒரு பெட்டை பாட்டுப் பாடினாள், மற்றவள் வாயை மூடு என்றாள். “போட்டால் வருவாங்களோ?” “வரலாம்.” “போடாட்டி?” “அப்பவும் வரலாம்.” “பிறகென்னத்துக்கு என்னட்டைக் கேக்கிறாய்? எனக்குப் பயம்தான் அண்ணா. பெட்டையளை வைச்சுக்கொண்டு பயமில்லை எண்டு சொன்னால் அது பொய். பயமெண்டு நான் சொன்னால் நீ போடமாட்டாய். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இந்த வீட்டுக்குள்ளதான் திரிவாய், தாற சோத்தைக் கிண்டிக் கிண்டிப் பாத்துக்கொண்டு. அந்தக் கோலத்தைப் பாக்கவும் என்னால ஏலாது.” “அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?” “உனக்கு நாப்பத்தெட்டு வயசு. வரேக்கை நாலு தேசிக்காய் வாங்கிக்கொண்டு வா.” மறுபடி தேங்காய் துருவுகிற சத்தம், முதலிலும் பார்க்க வேகமாக, பிறகு தொடர்பு அறுந்தது.

மதகில் இருந்தபடியே மாரித்துக்கு எழுதி அனுப்பினான்: ஒளிப்பதிவு, கந்தப்பிள்ளை குகானந்தன், கொக்குவில்.